பட்டி, இரண்டு கோட்டிங்

என்னுடைய முதல் தனிநபர் கண்காட்சிக்குப் பன்னிரண்டு பலகைகள் வேண்டும் என்றார்கள். பத்தும் ஆகாது, பதினைந்தும் ஆகாது. ஏரிச் சாலையில் ரிசார்ட் வைத்திருக்கும் மேடத்தின் ஹாலில் பன்னிரண்டு விளக்குகள் இருந்தன. விளக்குக்கு ஒன்று வீதம் கலை தேவைப்பட்டது. கலை வரலாற்றில் இதைவிட அற்பமான காரணங்களுக்காகவும் பெரிய வேலைகள் நடந்திருக்கின்றன என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். மறுபேச்சு இல்லாமல் தலையாட்டினேன்.

"பன்னெண்டு வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க," என்றார் மேடம். "டிசம்பர் கடைசி நல்ல சீசன். ஹோம்மேட் சாக்லேட்காரங்க அந்த ஹாலை கேட்டுட்டே இருக்காங்க. ஒரு லைட் சும்மா எரிஞ்சாலும் எனக்குப் பிடிக்காது."

ஆக, நான் போட்டியிட வேண்டியிருந்தது பெருநகரத்து ஓவியர்களோடு அல்ல, முந்திரி போட்ட சாக்லேட்டோடு. ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் சாக்லேட்டுக்காக வருகிறார்கள், எத்தனை பேர் அரூப ஓவியத்துக்காக வருகிறார்கள் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றே என் ஊரான தலைச்சோலைக்குத் திரும்பியிருப்பேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான்தான். பள்ளிக்கூடத்தைத் தாண்டியதோடு நிற்காமல் சென்னைக்குப் போய் ஐந்து வருடம் ஓவியக் கல்லூரியில் படித்தேன். பட்டத்தோடு ஊர் திரும்பியதும், சாமிக்கு ஒரு படம் எழுதித் தர முடியுமா, கடைக்கு ஒரு போர்டு எழுதித் தர முடியுமா என்று கேட்டு வந்தார்கள். நான் உருவம் வரைவதில்லை, புடைப்பு வேலைப்பாட்டில் அரூபம் செய்கிறேன் என்று பொறுமையாக விளக்கினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். கேட்டு முடித்துவிட்டு, "சரிங்க தம்பி, அந்த போர்டு எப்ப கெடைக்கும்?" என்றார்கள்.

விஷயம் ஒன்றும் சிரமமானதல்ல. ஒரு பிளைவுட் பலகை. அதன்மேல் வெள்ளை சிமெண்ட், ஆற்று மணல், பசை, காப்பித் தொலி, சில்வர் ஓக் மரப்பட்டையின் தூள் எல்லாவற்றையும் குழைத்துக் கரண்டியால் அப்பவேண்டும். சீப்பால் இழுக்கவேண்டும், குத்தவேண்டும், விரிசல் விட வைக்கவேண்டும். காய்ந்ததும் வண்ணம் பூசி வார்னிஷ் அடிக்கவேண்டும். முடிவில் மரமும் இருக்காது, மலையும் இருக்காது. மேடும் பள்ளமும் மட்டும் இருக்கும். அதைப் பார்த்து நாம் நெகிழவேண்டும்.

காப்பித் தொலியைக் கொண்டுவந்து தந்தவர் அம்மா. எஸ்டேட்டில் பழம் பறிக்கும் காலம் அது. சாயங்காலம் வரும்போது ஒரு பையில் அள்ளிவந்து கொட்டுவார். "செடிக்கு எருவாப் போடறதக் கொண்டாந்து பலகைல ஒட்டறான்," என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். புகாராகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்பது குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதபடி சொன்னார்.

அப்பா சுவருக்குப் பட்டி பார்க்கிறவர். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் சுவரின் மேடுகளைத் தேய்த்து எடுத்து, பள்ளங்களை மாவுக் கலவையால் இழுத்து நிரப்பி, கையை வைத்தால் வழுக்கும்படி ஆக்குகிற வேலை. ஏற்காட்டில் பாதி ரிசார்ட்டின் சுவர்களில் அவருடைய பிளேடு நடந்திருக்கிறது. அதாவது, நான் ஐந்து வருடம் படித்துக் கற்றுக்கொண்ட மேடு பள்ளங்களை, அப்பா வாழ்நாள் முழுக்க ஒழித்துக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தோம். இதில் ஒரு சிக்கல் வரக்கூடும் என்று படித்தவனான எனக்குத் தோன்றவேயில்லை.

வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஓர் அறை. அப்பாவின் ஏணி, சாரக்கட்டைகள், பட்டி வாளிகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. கண்காட்சி உறுதியானதும் அவற்றையெல்லாம் அவரே வெளியே எடுத்துப் போட்டுத் தார்பாயால் மூடினார். "நீ உள்ள பண்ணு சாமி. ஏணி நனஞ்சா ஒண்ணும் ஆயிராது," என்றார். அதற்கு நான் நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். 'ஸ்டுடியோவில் வெளிச்சம் போதவில்லை' என்று சொன்னதுதான் ஞாபகம் வருகிறது.

வெள்ளை சிமெண்ட் வாங்க ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்குக்குப் போனேன். ஹார்டுவேர் கடைக்காரர் சேலத்துக்காரர், அப்பாவுக்குப் பழக்கமானவர்.

"எத்தன சதுர அடிங்க தம்பி?"

"சுவரு இல்லைங்கண்ணா. படத்துக்கு."

"படத்துக்கு எதுக்குங்க மூட்டக் கணக்குல ஒயிட் சிமெண்ட்டு?"

விளக்கினேன். மேடு, பள்ளம், நிலத்தின் நினைவு, எல்லாம் சொன்னேன். அவர் பில் போட்டபடியே கேட்டார். "அப்பாவ உட்டா ஒரே நாள்ல சமம் பண்ணிக் குடுத்துருவாருங்களே," என்றார். நான் சிரித்துவிட்டு வந்தேன். கடைக்காரர்கள் சொல்வதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்ளவேண்டும் என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை.

கார்த்திகை, மார்கழியில் எங்கள் மலையில் எதுவும் காயாது. துவைத்த பேன்ட் நான்காம் நாள் ஈரத்தோடு பூசணம் பூக்கும். மற்ற ஊர்களில் மூன்று நாளில் இறுகுகிற கலவை இங்கே மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. பலகை பலகையாகத் திருப்பி வைத்து, சாக்கு விரித்து, பனி இறங்கும்போது கதவைச் சாத்தி, வெயில் எட்டிப் பார்த்தால் வெளியே தூக்கி வைத்து, ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொண்டேன். எப்படியோ பன்னிரண்டும் தேறின. வண்ணமும் பூசி வார்னிஷும் அடித்துவிட்டேன்.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேடம் பார்க்க வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அதில் எனக்குப் பெருமை. ஒரு பலகையின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுல ஒரு வலி இருக்கு," என்றார்.

அவர் கை வைத்திருந்த இடத்தில் மணலைச் சலிக்காமல் போட்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை.

"திறப்புக்கு மொத நாள் போட்டோகிராபர் வருவார். எந்தெந்த இடம் க்ளோசப்ல வரணும்னு முன்னாடியே மார்க் பண்ணி வெச்சிடுங்க. பெஸ்ட் ஏரியா மட்டும்."

மேடம் போனதும் உட்கார்ந்தேன். புடைப்பு வேலை நேர் வெளிச்சத்தில் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழவேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழும். ஆகவே பல்பைப் பலகையின் ஓரத்தில் சாய்த்துக் கட்டிவைத்தேன். ஒவ்வொரு பலகையாக அதன்முன் வைத்து, நிழல் எங்கே அழகாக விழுகிறது என்று பார்த்து, அந்த இடங்களைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டேன். பலகைக்கு மூன்று, நான்கு. என் இதுவரையிலான வாழ்க்கையின் உச்சங்களுக்கெல்லாம் என் கையாலேயே வட்டம் போட்டுவிட்டு, பல்பை அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினேன்.

சேலத்தில் அழைப்பிதழ் அடிக்கும் வேலை. ஒரு நாளில் முடியும் என்றவர்கள் இரண்டு நாள் இழுத்தார்கள். அழைப்பிதழில் என் வேலை ஒன்றின் படம் இருந்தது. சரிபார்க்கக் கொடுத்த தாளை நெடுநேரம் உற்றுப் பார்த்து, நிறம் பிரமாதம் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். பிறகு அச்சகத்துப் பெண், "அண்ணா, படம் தலகீழா இருக்குதுங்களா?" என்றாள். இருந்தது. அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் என் பட்டத்துக்கு மரியாதை இல்லை.

மூன்றாம் நாள் மதியம் அழைப்பிதழ்க் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, இருபது கொண்டையூசி வளைவும் ஏறி வீட்டுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை. அம்மா வீட்டில் இருந்தார். அப்பா கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் வெள்ளை. புருவத்திலும் வெள்ளை. ஏதோ ரிசார்ட்டில் அவசர வேலை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"வந்துட்டியா சாமி. போ, உள்ள போயி பாரு," என்றார். முகம் எல்லாம் சிரிப்பு.

போனேன்.

பன்னிரண்டு பலகைகளும் சுவரோரமாக வரிசையாக நின்றன. பன்னிரண்டும் வெள்ளை. அவித்து உரித்த முட்டைபோல ஒரு வெள்ளை. ஒரு மேடு கிடையாது, ஒரு கீறல் கிடையாது. மலைப் பனி ஜன்னல் வழியாக வந்து சதுரம் சதுரமாக உறைந்துவிட்டதோ என்று ஒரு நொடி நினைத்தேன். எனக்குக் கவித்துவம் அதிர்ச்சியில்தான் வருகிறது.

அப்பா பின்னாலேயே வந்து நின்றார்.

"ரெண்டு கோட்டிங். மொதல்ல உப்புத்தாள் போட்டு முட்டெல்லாம் எடுத்துட்டேன். மரத்துக்கு சிமெண்ட்டுப் பட்டி நிக்காது பாரு, அதனால சாக்பவுடரும் பசையும் கலந்து இழுத்திருக்குது. நீ வட்டம் போட்ட எடத்த மட்டுந்தான் மொதல்ல எடுத்தேன். அது நல்லா ஆனதும் மிச்சமெல்லாம் நொம்ப அசிங்கமாத் தெரிஞ்சுது. அரகொறயா உட மனசு வருல. உனக்கு நாலு நாள்தான இருக்குது. ஒத்தையா எப்பிடிப் பண்ணுவ?"

ஒரு வேலையை முடித்துவிட்டு அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"யாருங்கப்பா உங்களத் தொடச் சொன்னது?" என்றேன். "இதப்பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?"

சொன்னது நான்தான். வேறு யாரோ சொன்னதுபோல எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்பாவின் சிரிப்பு மெதுவாக, பட்டி காய்வதுபோல, ஓரத்திலிருந்து இறுகிக்கொண்டு வந்தது. டீ டம்ளரை ஜன்னலில் வைத்தார்.

வாசற்படியில் நின்ற அம்மாதான் கேட்டார். "ஏஞ்சாமி, பல்பச் சாச்சுக் கட்டி வட்டம் வட்டமாப் போட்டுட்டுப் போனது யாரு? நானா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பட்டி வேலையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் கோட்டிங் காய்ந்ததும் ஒருவர் பல்பைச் சுவரோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடிப்பார். நேர் வெளிச்சத்தில் ஒளிந்துகொள்கிற குற்றங்கள் பக்க வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும். அவற்றைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்து யார் வந்தாலும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். வட்டம் இருந்தால் அங்கே குற்றம் இருக்கிறது, சரிசெய்துவிடு என்று அர்த்தம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் படிக்கிற கடிதம் அது. கல்லூரி விடுமுறைகளில் அப்பாவோடு வேலைக்குப் போய் நானே பல்பு பிடித்திருக்கிறேன், நானே வட்டம் போட்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒரே எழுத்தில், என் உச்சங்கள் ஒவ்வொன்றையும் சுட்டிக்காட்டி, 'இங்கே குற்றம் இருக்கிறது' என்று நாற்பது தடவை எழுதிவைத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறேன். அவர் நாற்பதுக்கும் பதில் போட்டிருந்தார்.

"அப்ப," என்று அப்பா தொண்டையைச் செருமினார், "அந்த மேடு பள்ளமெல்லாம் வேணும்னேவா வெச்ச?"

"ஆமாங்கப்பா."

"அஞ்சு வருசமும் அதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஆமாங்கப்பா."

அப்பா அறைச் சுவரை ஒருமுறை பார்த்தார். "உங்க வாத்தியாரு ஊட்டுச் செவுரு எப்பிடி இருக்குமோ," என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு நாள். புதிதாக ஒரு பலகை செய்தால்கூடக் காய மூன்று வாரம். ஹாலில் பன்னிரண்டு விளக்குகளின் கீழே சாக்லேட் பெட்டிகள் அடுக்கப்படுவது என் கண்ணுக்குத் தெரிந்தது. பாதாம், முந்திரி, உலர்ந்த திராட்சை.

அப்பா வரிசையில் முன்னால் நின்ற பலகையின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் உள்ளே இறங்கியது.

"காயல," என்றார். "இந்தப் பனில எங்க காயும்? காயாத பட்டி தண்ணிக்குப் போயிரும். கீழ நீ வார்னிசு அடிச்சிருக்கறதனால புடிக்கவும் இல்ல."

இரண்டு மாதம் என்னை அலைக்கழித்த ஈரம் அன்று என் பக்கம் நின்றது. அம்மா வெந்நீர் வைத்தார். அப்பா ஸ்பாஞ்சையும் நைலான் பிரஷ்ஷையும் எடுத்து வந்தார். இரண்டு நாள் குனிந்து நின்று இழுத்த பட்டியை, இழுத்தவரே கழுவ உட்கார்ந்தார். "எங்கிட்டக் குடுங்கப்பா, நான் பண்ணிக்கறேன்," என்றேன். "நீ அழுத்தித் தேப்ப. உன்ற சாமானமே பேந்துரும்," என்றார்.

பள்ளத்திலிருந்து பட்டியை எடுப்பது அவருக்குப் புதிய வேலை. அந்த வேலையில் யாரும் யாரையும் இதுவரை வைத்திருக்கமாட்டார்கள். ஒவ்வொரு குழிக்கும் நிறுத்தி என்னைக் கேட்டார்.

"இது இருக்கோணுமா, எடுக்கோணுமா?"

"எடுத்துருங்க."

"இது?"

"அது... இருக்கட்டுங்க."

"இது என்ன சாமி, இப்பிடி ஒரு கீத்து?"

"அது வந்துங்கப்பா, மண்ணோட நெனவு."

"சரி. நெனவ எடுக்கட்டுமா, உடட்டுமா?"

இப்படி ஒரு கேள்வியை எந்த ஆசிரியரும் கேட்டதில்லை. இந்தக் குழி ஏன் இங்கே இருக்கிறது என்று பலகை பலகையாகச் சொல்லிக்கொண்டு வரவேண்டியிருந்தது. ஆறாவது பலகையில் எனக்குக் காரணங்கள் தீர்ந்துபோயின. பாதிக் குழிகள் சும்மா இருந்தன. கரண்டி தவறியதால் இருந்தன. அதையும் சொன்னேன். "தெரியும்," என்றார் அப்பா. "பாத்தாலே தெரியுது."

மறுநாள் சாயங்காலத்துக்குள் பதினோரு பலகைகள் திரும்பி வந்தன. பழைய மாதிரி அல்ல. மேடுகளின் உச்சி உப்புத்தாளில் தேய்ந்து, உள்ளே இருந்த காப்பித் தொலி வெட்டுப்பட்டுத் தெரிந்தது. பள்ளங்களின் அடியில் போகாத வெள்ளை தங்கிவிட்டது. அந்த இடங்களில் வண்ணத்தைத் தொட்டுவிட்டு, இது என் வேலைதான் என்று எனக்கு நானே இரண்டு மூன்று முறை சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டாவதுதான் மோசம் செய்தது. அப்பா முதலில் எடுத்த பலகை அது. மாதிரி பார்க்க வீட்டுக்குள் கொண்டுபோய் இழுத்திருக்கிறார். இரண்டு நாளும் அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்று கல்போலக் காய்ந்த பிறகுதான் மற்றவற்றோடு வரிசையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். வெந்நீர் ஊற்றினோம். பிளேடு போட்டோம். எதற்கும் அசையவில்லை.

"இது போகாது சாமி," என்றார் அப்பா. வருத்தமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போதே உள்ளங்கையால் அதை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

வேறு வழியில்லை. விளக்கு பன்னிரண்டு. தூக்கிக்கொண்டு போய் மாட்டினேன்.

மேடம் வந்து முதலில் எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்ததும் கலையைப் பார்த்தார். பள்ளத்தில் தங்கிய வெள்ளையைக் கண்டதும் கையைத் தட்டினார். "போன தடவை இது இல்லையே! லேயரிங் பண்ணியிருக்கீங்க!"

"ஆமாங்க மேடம்."

"ரொம்ப டைம் எடுத்திருக்குமே?"

"ரெண்டு பேரு... ரெண்டு நாள் ஆச்சுங்க."

பன்னிரண்டாவதன் முன்னால் நீண்ட நேரம் நின்றார். நான் சாக்லேட்டை நினைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் மெதுவாக, "சைலன்ஸ்," என்றார். என்னைச் சத்தம் போடாதே என்கிறாரோ என்று முதலில் பயந்தேன். பிறகு புரிந்தது, பாராட்டு.

ஒவ்வொரு பலகைக்கும் கீழே ஒரு சிறிய அட்டை ஒட்டவேண்டும். தலைப்பு, பொருள், பெயர். பதினொன்றுக்கு 'நிலத்தின் நினைவு - ஒன்று', 'நிலத்தின் நினைவு - இரண்டு' என்று எழுதிக்கொண்டே போனேன். பன்னிரண்டாவதற்கு 'பட்டி, இரண்டு கோட்டிங்' என்று எழுதினேன். பெயர் எழுதும் இடத்தில் கை நின்றுவிட்டது. என் பெயரைப் போட்டால் அது பொய். அப்பா பெயரைப் போட்டால் வாசலில் கட்டியிருந்த 'தனிநபர் கண்காட்சி' என்ற பேனர் பொய். பேனர் பெரியது. ஆகவே அட்டையில் பெயர் இல்லாமல் விட்டேன். கோழைத்தனம் என்று இதைச் சொல்லவேண்டியதில்லை. கலையுலகில் இதற்கு எளிமை என்று பெயர்.

திறப்பு நாளன்று கூட்டம் வந்தது. அதில் பாதிப் பேர் ரூம் காலியா என்று கேட்க வந்தவர்கள். ஒரு புதுமணத் தம்பதி ஐந்தாவது பலகையின் முன் நின்று நெடுநேரம் படம் எடுத்தார்கள். பிறகு பார்த்தால், முகத்தைத்தான் எடுத்திருந்தார்கள், பலகை முதுகுப்பக்கம் இருந்தது. ஒரு பெரியவர் அருகில் வந்து, "இந்த டைல்ஸ் எந்தக் கம்பெனி தம்பி?" என்றார்.

பதினொரு மணிக்கு அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அம்மா பட்டுப் புடவை. அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பலகைகளைக் கழுவிய நாளிலிருந்து அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. உங்களுக்கு என்ன தெரியும் என்று நான் கேட்ட கேள்வி மட்டும் அங்கேயே, எங்கள் இருவருக்கும் நடுவில், கழுவப்படாமல் கிடந்தது. கூட்டம் எவ்வளவு, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அன்று எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அப்பா உள்ளே வந்து என்ன செய்வார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டார். அண்ணாந்து விளக்குகளைப் பார்த்தார். பன்னிரண்டும் பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு மேடும் நிழலோடு எழுந்து நின்றது. அவர் கண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்! ஊரையே கூட்டி, மகனின் குற்றங்களையெல்லாம் பல்பு பிடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"சாமி," என்று காதோரம் வந்தார். "இந்த லைட்ட நேரா வெக்கச் சொல்லலாமா? நேரா வெச்சா அவ்வளவு தெரியாது."

"இல்லீங்கப்பா. தெரியோணும்னுதான் வெச்சிருக்கறது."

"ஓ." தலையாட்டினார். "பாத்துக்க அப்ப."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். அம்மா, "இது நாங் கொண்டாந்த தொலி," என்று பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவதிடம் வந்ததும் அப்பா நின்றார். அவரை அங்கே எதிர்பார்த்தது போல அந்தப் பலகையும் நின்றது. கழுத்தை நீட்டி அட்டையைப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்குது?"

படித்துக் காட்டினேன். "பட்டி, இரண்டு கோட்டிங்."

"ஆமா, ரெண்டுதான்," என்றார். சரியாக எழுதியிருக்கிறேன் என்பது போல.

அப்போது ஒரு பெண்மணி வந்து நின்றார். கழுத்தில் கேமரா. பதினொன்றையும் பார்த்துக்கொண்டு வந்தவருக்கு இது புரியவில்லை. என்னைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்து, "இது மட்டும் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இது ஒண்ணுதானுங்கம்மா முடிஞ்சுது," என்றார் அப்பா. "மத்ததெல்லாம் வேல பாக்கி இருக்குது. பையன் பண்ணிருவான். நல்லாப் படிச்ச பையனுங்க."

மறுப்புச் சொல்ல வாயெடுத்தேன், கேமராக்காரப் பெண்மணி பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா நகரவில்லை. தலையைச் சாய்த்தார். ஓர் அடி பின்னால் போனார், மறுபடி முன்னால் வந்தார். விளக்கின் வெளிச்சம் பலகையை உரசிக்கொண்டு விழுந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"பென்சில் இருக்குதா சாமி?"

பார்வையாளர் நோட்டில் கட்டியிருந்த பென்சிலை அவிழ்த்துக் கொடுத்தேன். பலகையின் வலது கீழ் மூலையில், என் கண்ணுக்கு எதுவுமே தெரியாத ஓர் இடத்தைச் சுற்றி, கடுகு விழுகிற அளவுக்கு ஒரு வட்டம் போட்டார்.

"அது என்னங்க?" என்றார் அந்தப் பெண்மணி.

"குத்தமுங்க," என்றார் அப்பா. "என்னுதுதான்."

பார்வையாளர் நோட்டில் அன்று சாயங்காலம் யாரோ, அந்தச் சிறிய வட்டம்தான் கண்காட்சியிலேயே துணிச்சலான செயல் என்று எழுதிவைத்திருந்தார்கள். நிலத்தின் நினைவுகள் பதினொன்றைப் பற்றியும் ஒரு வரி இல்லை. மேடம் என்னைக் கூப்பிட்டு, எல்லாப் பலகையிலும் அப்படி ஒரு வட்டம் போட்டால் ஒரு தொடர்ச்சி கிடைக்குமே என்று யோசனை சொன்னார்.

மறுநாள் காலை, ஹால் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அப்பா மஞ்சள் பையோடு வாசலில் நின்றார். பைக்குள் பிளேடும், ஒரு டப்பாவில் குழைத்த பட்டியும்.

"உங்களுக்குத்தானுங்கப்பா தெரியும். வாங்க," என்று கதவைத் திறந்துவிட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

மெயின் சுவிட்ச் மேடத்தின் அறையில் இருந்தது. விளக்குகள் எரியவில்லை. என் மொபைலின் டார்ச்சைப் போட்டு, பலகையோடு ஒட்டினாற்போல, சாய்த்துப் பிடித்தேன்.

"இன்னும் கொஞ்சம் சாய்," என்றார் அப்பா.

சாய்த்தேன்.